யாருக்கு எழுதுகிறோம்? எதற்காக எழுதுகிறோம்?

(நமது அறக்கட்டளை பட்டுக்கோட்டையில் நடத்திய கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில், பெற்றோர்கள் மற்றும் மாணவ மாணவியர் முன்னிலையில் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பத்தினரும் படித்துப் பயன்பெறும் பொருட்டு இங்கே வெளியிடுகிறோம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வழக்கமாக இந்த மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றித்தான் பேசுவோம். இந்த வருடம் அதைப் பேசப் போவதில்லை. அதன் சிறப்பு தெரிந்ததால்தான் நீங்கள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எங்கள் பக்கம் நடந்த ஒரு தவறைச் சொல்லி, அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அது பிள்ளைகளின் எழுத்தைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன்பு பிளஸ் டூ முடித்த ஒரு பெண் பிள்ளை உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். முத்து முத்தான கையெழுத்து. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் இருந்தன. கல்வி அழியாத செல்வம், கள்வர் திருட முடியாதது, நாட்டின் முன்னேற்றத்துக்கு அடிப்படை என்று ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தாள். அந்த வருடம் வந்த விண்ணப்பங்களில் பாதிக்குமேல் அப்படித்தான் இருந்தன. நாங்களும் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கு" என்று சொல்லி, அவசரமில்லாத விண்ணப்பங்களின் கட்டில் அதை வைத்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து, எங்கள் உறுப்பினர் ஒருவர் வேறொரு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோதுதான் விவரம் தெரிந்தது. பிள்ளையின் வாப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். உம்மாவும் மகளும் இரவில் தையல் மிஷினில் உட்கார்ந்துதான் குடும்பம் ஓடுகிறது. கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை கட்ட வேண்டிய கடைசித் தேதி நாலு நாளைக்கு முன்பே முடிந்துபோயிருந்தது. அந்த வருடம் அந்தப் பிள்ளை வீட்டில்தான் இருந்தாள்.

"ஏம்மா, இதை ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?" என்று கேட்டோம். அவள் சொன்னாள்: "கட்டுரைல நம்ம வீட்டுக் கதையெல்லாம் எழுதக் கூடாதுன்னு நினைச்சேன் காக்கா. நீங்க கல்வியோட சிறப்பைத்தானே கேட்டிருந்தீங்க?"

படிவத்தை எடுத்துப் பார்த்தோம். "கல்வியின் சிறப்பு குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக" என்றுதான் அச்சடித்திருந்தோம். கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் அவள் எழுதியிருக்கிறாள். கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் நாங்கள்தான். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் போன ஒரு வருடம் போனதுதான்.

அன்றிலிருந்து எங்கள் மனதில் ஓடிக்கொண்டிருப்பவை இரண்டே கேள்விகள். எழுத உட்காருகிற பிள்ளை, பேனாவைத் திறப்பதற்கு முன்பு அவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை யார் படிக்கப்போகிறார்? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்?

மோதிரம் சொல்லும் பாடம்

இது நமக்குப் புதிய பாடமல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரோமர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று எடுத்துச் சொல்லப்பட்டது. உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்யச் சொல்லி, அதில் "முஹம்மத் ரஸூலுல்லாஹ்" என்று பொறிக்கச் செய்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஹெர்குலிஸ் மன்னருக்குப் போன கடிதத்தைப் பாருங்கள். ரோமர்களின் தலைவர் என்ற மரியாதையோடு அழைத்து, சொல்ல வேண்டியதைச் சில வரிகளில் சொல்லி முடிகிறது. சத்தியத்தில் கடுகளவும் குறையவில்லை. ஆனால் படிக்கப்போகிறவரின் அரசவை வழக்கம் என்ன என்று கேட்டறிந்து, அதற்கேற்ற உருவில் கடிதம் போனது.

அபிசீனியாவில் நஜ்ஜாஷி மன்னரின் சபையில் நின்ற ஜஅஃபர் (ரலி) அவர்களையும் நினைத்துப் பாருங்கள். எதிரே இருப்பவர் ஒரு கிறிஸ்தவ மன்னர். ஓதிக்காட்டச் சொன்னபோது அவர்கள் எடுத்து ஓதியது சூரத்துல் மர்யமின் தொடக்கத்தை. குர்ஆன் முழுவதும் சத்தியம்தான். அந்தச் சபைக்கு எந்த இடம் பொருத்தம் என்பதை அறிந்து ஓதினார்கள்.

நம் தமிழ் ஆலிம்களும் இந்த வழியில்தான் நடந்தார்கள். நம் மூதாட்டிகளில் பலருக்கு ஓதத் தெரியும். அரபு எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவார்கள். ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. அவர்களுக்கு மார்க்கச் சட்டத்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது? தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதுதான் அரபுத் தமிழ். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் பெரும் அரபு அறிஞர். நினைத்திருந்தால் அறிஞர்களுக்கு மட்டும் எழுதிக்கொண்டு இருந்திருக்கலாம். "மகானி" போன்ற நூல்களை அரபுத் தமிழில் எழுதி, அடுப்படியில் இருந்த பெண்களின் கையில் கொடுத்தார்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லவேண்டும். பக்கத்தில் செங்கப்படுத்தான்காட்டில் 1930-ல் பிறந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில் மறைந்துவிட்டார். பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர். சினிமாப் பாட்டு எழுதுகிறவருக்கு, படத்தில் யார் பாடுகிறார், யாரைப் பார்த்துப் பாடுகிறார், கொட்டகையில் யார் உட்கார்ந்து கேட்கிறார் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். "அரசிளங்குமரி" படத்தில் ஒரு சின்னப் பையனுக்குப் புத்தி சொல்வதாக அவர் எழுதிய பாட்டு இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டில் அந்தப் பையனுக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

"அஅஅ" என்பவர் யார்?

இப்போது நம் பிள்ளைகளின் நோட்டுக்கு வருவோம்.

பத்தாம் வகுப்புத் தமிழில் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை, மின்வாரிய அலுவலருக்குக் கடிதம். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய தோழனுக்கு வாழ்த்து மடல். நல்ல கேள்விகள். யாருக்கு, எதற்கு என்ற இரண்டும் கேள்வியிலேயே இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கைடில் இருப்பதை உருப்போடுகிறார்கள். தேர்வில் சொந்தப் பெயரை எழுதக் கூடாது என்பதால் "அஅஅ" என்று போடப் பழகுகிறார்கள். அது தேர்வு விதி, தவறில்லை. கவலை என்னவென்றால், வருடக் கணக்கில் இப்படி எழுதி எழுதி, கடிதம் என்றாலே யாரோ ஒரு "அஅஅ" யாரோ ஒரு "ஆஆஆ"வுக்கு எழுதுவது என்று பிள்ளையின் மனதில் பதிந்துபோகிறது. தன் தெருவில் நிஜமாகவே விளக்கு எரியாதபோது, அந்தக் கடிதத்தை எடுத்து எழுத வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை.

நீர் மேலாண்மை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் மழைநீர் சேகரிப்பு, மரம் நடுதல் என்று பொதுவாக எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வாழ்கிற பிள்ளை அவன். மேட்டூர் திறந்து எத்தனை நாள் கழித்து புதாற்றுத் தண்ணீர் தன் ஊர் வாய்க்காலுக்கு வருகிறது என்று வீட்டில் பேசிக்கொள்வதை காதால் கேட்டு வளர்ந்தவன். அந்தத் தண்ணீர் அவன் கட்டுரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

"மார்க் வாங்க வேண்டாமா காக்கா?" என்று பெற்றோர்கள் கேட்பது நியாயம். கட்டாயம் வாங்க வேண்டும். விடைத்தாள் திருத்துகிறவரும் ஒரு வாசகர்தான். கட்டுக்கட்டாகத் திருத்தி அவர் கண் சோர்ந்திருக்கும். உள்தலைப்பு போடுவதும், பத்தி பிரிப்பதும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதும் அவருக்கு நாம் செய்கிற உதவி. குறிப்புச்சட்டம் போடாதே என்று நாங்கள் சொல்லவில்லை. அது தேர்வுத்தாளுக்கு உரிய உடை. அதே உடையில் எல்லா இடத்துக்கும் போக முடியாது என்றுதான் சொல்கிறோம். ஒன்றும் வேண்டாம், நாற்பது பேர் எழுதிய ஒரே மாதிரிக் கட்டுரைக்கு நடுவில் புதாற்றுத் தண்ணீரைப் பற்றி இரண்டு வரி வந்தால் திருத்துகிற ஆசிரியரே நிமிர்ந்து உட்காருவார்.

கஜாவில் கற்றது

எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது என்பதை 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயல் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. விடியும்போது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தோப்புகள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைப்போல வளர்த்த மரங்கள். தென்னை ஒன்றுக்கு இழப்பீடாக 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அப்போது எங்கள் இளைஞர்கள் சிலர் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் எழுதிய மனுக்கள் கல்லையும் கரைக்கும். வாழ்வாதாரம் சாய்ந்தது, கண்ணீரில் மிதக்கிறோம், கருணை காட்டுங்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தன. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அவற்றை வாங்கிப் பார்த்தார். "தம்பி, படிச்சா எனக்கு அழுகை வருது. ஆனா இதை எந்தப் பதிவேட்டுல ஏத்துறதுன்னுதான் தெரியல" என்றார். பட்டா யார் பெயரில் இருக்கிறது, சர்வே எண் என்ன, நின்ற மரம் எத்தனை, விழுந்தது எத்தனை, வங்கிக் கணக்கு எண் எது, எதுவுமே மனுவில் இல்லை. மனுவை வாங்குகிற கிராம நிர்வாக அலுவலர் கல்நெஞ்சக்காரர் என்று அர்த்தமில்லை. அவர் கையில் இருப்பது கட்டம் போட்ட ஒரு பட்டியல். அதில் எழுத அவருக்கு எண்கள் வேண்டும்.

மறுநாளிலிருந்து மனு அரைப் பக்கமாகச் சுருங்கியது. முதல் வரியில் பெயரும் ஊரும். அடுத்து சர்வே எண், மரக் கணக்கு. கடைசியில் என்ன கேட்கிறோம் என்று ஒரே வரி. பட்டா இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருந்தால் அதையும் மறைக்காமல் ஒரு வரி.

அதே வாரத்தில் சிங்கப்பூரிலும் சவூதியிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு நிவாரண உதவி கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். அதில் சர்வே எண் எதற்கு? அவர்கள் சிறு வயதில் ஓடி விளையாடிய தோப்பு எப்படி இருக்கிறது, பள்ளிவாசலில் எத்தனை குடும்பங்கள் தங்கியிருக்கின்றன, இன்றைக்கு அவசரமாக வேண்டியது தார்ப்பாயா, அரிசியா, மெழுகுவத்தியா என்று எழுதினோம். புயல் ஒன்றுதான். இரண்டு கடிதமும் உண்மைதான். படிப்பவர் வேறு, கேட்கும் உதவி வேறு என்பதால் எழுத்தும் வேறாயிற்று.

எதை எழுதாமல் விடுவது

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் எல்லோரிடமும் கொட்ட வேண்டும் என்று பிள்ளைகள் புரிந்துகொள்ளக் கூடாது. நம் குடும்பங்களுக்கு மானம் பெரிது. யாருக்கு எழுதுகிறோம் என்று கேட்பதில், அவருக்கு எதைச் சொல்லத் தேவையில்லை என்பதும் அடங்கியிருக்கிறது. உதவித்தொகைக் குழுவுக்கு வாப்பாவின் நோயும் கட்டணத் தேதியும் தெரிய வேண்டும். வீட்டில் யாருக்கும் யாருக்கும் மனஸ்தாபம் என்பது தெரிய வேண்டியதில்லை. பள்ளி இலக்கிய மன்றத்தில் எல்லோர் முன்பும் படிக்கிற கட்டுரைக்கு வீட்டுக் கடன் எதுவுமே வேண்டாம். எங்களுக்கு வரும் விண்ணப்பங்களைக் குழுவினரைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. உதவி பெறுகிறவர்களின் பெயரை இந்த மடலில் நாங்கள் அச்சிடுவதில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

இன்னொன்று, இல்லாததைச் சேர்த்து எழுதுவது. படிப்பவர் மனம் இளக வேண்டும் என்று கஷ்டத்தைக் கூட்டி எழுதினால் அது பொய். எழுதுவதற்கும் நிய்யத் உண்டு. அது கெட்டுப்போனால் அழகான எழுத்தாலும் பயனில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பாடச் சுமை அதிகம். எல்லாவற்றையும் அவர்கள் தலையில் போட வேண்டாம். செலவில்லாமல் வீட்டில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

ஒன்று. எதை எழுதினாலும் ரஃப் தாளின் உச்சியில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். "படிப்பவர் யார்? படித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்?" பரீட்சை, போட்டி, விண்ணப்பம் எதுவானாலும் சரி.

இரண்டு. ஒரே விஷயத்தை மூன்று பேருக்கு எழுதச் சொல்லுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நீர்வளத் துறை அதிகாரிக்கு எழுதினால் எந்த வாய்க்கால், எந்த மதகு, எத்தனை நாளாக, எத்தனை மா நிலம் காய்கிறது என்று எழுத வேண்டும். பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினால், நம் வயலை மட்டும் சொல்லாமல் கடைமடை ஊர்கள் எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல வேண்டும். மலேசியாவில் இருக்கும் பெரிய வாப்பாவுக்கு எழுதினால், நாற்றங்கால் வெடித்திருப்பதையும், உம்மா தினமும் மதகு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவதையும் எழுதலாம். மூன்றையும் எழுதிய பிள்ளைக்கு நாம் விளக்கம் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்று. எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டிமார் இருந்தால் அவர்களிடம். அவர்கள் "அப்படின்னா என்னங்கனி?" என்று கேட்கிற இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள்.

நான்கு. எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதக்கூடிய வரியைத் தேடி அடிக்கச் சொல்லுங்கள். எழுத்தில் நம் தெருவும் நம் வீடும் தெரிய வேண்டிய இடத்தில் அவை தெரியட்டும்.

ஐந்து. வெளிநாட்டில் இருக்கும் அத்தாவுக்கு, வாப்பாவுக்கு மாதம் ஒரு கடிதம். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவது இருக்கட்டும். ஒரு பக்கம் கையால் எழுதி அதைப் படம் பிடித்து அனுப்பினாலும் போதும். முன்பு நம் வீட்டுப் பெண்கள் எழுதத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஏர்மெயில் எழுதச் சொல்வார்கள். "இதை எழுதாதே, அவங்க கவலைப்படுவாங்க" என்று நடுவில் நிறுத்துவார்கள். பள்ளிக்கூடம் போகாத அந்த உம்மாமார்களுக்கு யாருக்கு எழுதுகிறோம் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

போட்டிகளிலும் பங்கெடுக்கச் செய்யுங்கள். உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் சிறுவர்களுக்குச் சர்வதேசக் கடிதப் போட்டி நடத்திவருகிறது. 9 முதல் 15 வயது வரை எழுதலாம். 2021-ல் கொரோனா கால அனுபவத்தைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதச் சொன்னார்கள். 2022-ல் செல்வாக்குள்ள ஒருவருக்கு, பருவநிலை நெருக்கடியில் அவர் ஏன், எப்படிச் செயல்பட வேண்டும் என்று எடுத்துச் சொல்லி எழுதச் சொன்னார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கிற இரண்டு கேள்வியும் அந்தத் தலைப்பிலேயே இருப்பதைக் கவனியுங்கள். இந்திய அஞ்சல் துறை நடத்தும் கடிதப் போட்டியில் தமிழிலும் எழுதலாம். விவரம் தபால் நிலையத்தில் கிடைக்கும்.

நாங்கள் மாற்றிக்கொண்டது

உங்களுக்குச் சொல்வதற்கு முன்பு நாங்கள் திருந்த வேண்டும் அல்லவா? உதவித்தொகைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தை மாற்றிவிட்டோம். இப்போது அதில் இப்படி இருக்கிறது: "இதைப் படிக்கப்போகிறவர்கள் நம் ஊரைச் சேர்ந்த ஐந்து பேர். அவர்களுக்கு உங்கள் வீட்டு நிலைமை தெரியாது. இந்த வருடம் உங்கள் படிப்புக்கு எது தடையாக இருக்கிறது, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். எழுத்துப் பிழைக்காக எந்த விண்ணப்பமும் தள்ளப்படமாட்டாது."

மாற்றிய பிறகு வந்த விண்ணப்பங்களில் கையெழுத்து அவ்வளவு அழகாக இல்லை. சந்திப்பிழை நிறைய. ஆனால் ஒவ்வொன்றையும் முழுக்கப் படிக்காமல் கீழே வைக்க முடியவில்லை. எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது.

முன்பு சொன்ன அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். இன்ஷா அல்லாஹ், வரும் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள மாணவிகளுக்கு எழுத்துப் பயிற்சி நடத்த அவளே முன்வந்திருக்கிறாள். மாணவர்களுக்கு மஃரிபுக்குப் பிறகு தனி வகுப்பு உண்டு. கட்டணம் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்தால் போதும். முதல் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் நிஜமான ஒருவருக்கு நிஜமான ஒரு கடிதம் எழுதும். அதற்கான தபால்தலையை நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.

நம் பிள்ளைகளின் நாவுக்கும் பேனாவுக்கும் அல்லாஹ் உண்மையையும் தெளிவையும் தருவானாக. கேட்க வேண்டியவர்களின் காதுக்கு அவர்களின் சொல்லைக் கொண்டு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரக்காத்துஹு.